விளக்கு வைக்கும் நேரத்துப் பூனை

கேஸ் கசிகிறது என்றுதான் முதலில் நம்பினேன்.

வீட்டுப் பூனை கத்தினால் அதற்கு வயிற்றுவலியாக இருக்கலாம், காதில் எறும்பு போயிருக்கலாம், அட, பேயைக்கூடப் பார்த்திருக்கலாம். இதில் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. எர்ணாவூரில் குடியிருப்பவன் புத்தி அப்படிப் போகாது. இங்கே ஒரு நாய் காரணமில்லாமல் ஊளையிட்டால், காக்காய்கள் மொத்தமாக மரத்தை விட்டுக் கிளம்பினால், நாங்கள் ஜன்னலைத் திறந்து பக்கத்துத் தொழிற்சாலைப் புகைக்கூண்டின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். அடுத்து மூக்கை உறிஞ்சுவோம். மற்ற காரணமெல்லாம் அதற்கப்புறம்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம். பூனை சமையலறையிலிருந்து வாசற்கதவு வரை ஓடியது. அங்கிருந்து திரும்பி ஓடி, திரைச்சீலையில் ஏறி, ஃபிரிட்ஜ் மேல் குதித்து, மறுபடி கதவுக்கு வந்து கீழ்விளிம்பைப் பிறாண்டியபடி கத்தியது. பசிக்குக் கத்துகிற குரல் இல்லை. யாரையோ பேர் சொல்லி அழைத்து, அந்த ஆள் திரும்பிப் பார்க்காததால் வந்த கோபம் போன்ற குரல். முந்தைய நாட்களிலும் இதே நேரத்துக்குக் கத்தியதுதான். ஆனால் அன்று காலை கன்டெய்னர் யார்டில் கூட வேலை செய்கிற சிநேகிதன் டீ குடிக்கும்போது, "நம்மளுக்கு மூக்குல ஏறதுக்கு மின்னாடியே மிருகத்துக்குத் தெரிஞ்சிடும் மாமு" என்று எதற்கோ சொல்லி வைத்திருந்தான்.

உடனே ஜன்னலைத் திறந்தேன். புகை எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. மூக்கை உறிஞ்சினேன். வாடை வந்தது. அவ்வளவுதான், மேற்கொண்டு யோசிக்க எனக்கு மூளை மிச்சமில்லை.

பூனையைக் கட்டைப்பைக்குள் திணித்தேன். துண்டை நனைத்து அதன் முகத்தில் சுற்றினேன். எனக்குச் சுற்றிக்கொள்ள மறந்துவிட்டேன். செல்போன் சார்ஜரை எடுத்துக்கொண்டேன். செல்போனை விட்டுவிட்டேன். படியில் இறங்கிக்கொண்டே "கேஸு, கேஸு" என்று கத்தினேன். கீழ்த்தளத்தில் இருக்கிற ஹவுஸ் ஓனர் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியாயிற்று. எங்களுக்கு இது பழகிய வேலை. யாரும் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. முந்தானையை, துண்டை, பள்ளிக்கூடச் சட்டையை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடப்பார்கள்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், எல்லோருக்கும் வாடை வந்தது.

"எனக்கும் வருதுபா. அழுகின முட்டை கணக்கா கீது."

"முட்டை இல்ல, இது பினாயிலு மாதிரி."

"கண்ணு எரியுது, பாரு."

அக்கா என்னைப் பார்த்து, "மேல வேற யாராச்சும் கீறாங்களா?" என்று கேட்டாள். அவசரத்தில் எல்லோரையும் கேட்டதுபோல என்னையும் கேட்டுவிட்டாள். நானும் அவசரத்தில் மாடியை நிமிர்ந்து பார்த்து "ஆமா" என்றேன். அப்புறம் "இல்ல" என்றேன். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். பைக்குள் பூனை ஈரத்துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் எங்கிருந்தும் எதுவும் கசியவில்லை என்று தெரிந்தது. அந்த வாடை, அக்கா அணைத்துவிட்டு வந்த சட்டியிலிருந்த கருவாடு. மற்றவர்களுக்கு வந்த முட்டையும் பினாயிலும் எங்கள் ஊருக்கு எப்போதும் உள்ளவை. அன்றைக்கு நான் ஞாபகப்படுத்தியதால் கவனித்தார்கள்.

அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் கேஸ் கம்பெனி. டீக்கடையில் கிளாசைக் கையில் கொடுக்கும்போதே, "இன்னா நைனா, காத்து இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்பார்கள். "ஒன் கல்லா பக்கம்தான், சீக்கிரம் மூடு" என்று நானும் சொல்வேன். சிரிப்பார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்த நாட்களில் வேலை முடிந்தபின் என்னோடு யாராவது பேசினால் அது இந்தக் கேலி மட்டும்தான்.

அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் படியேறி வந்து வாசலிலேயே நின்றாள்.

"தபாரு தம்பி. எம் பொண்ணு பெத்துப் பொழைச்சு கொழந்தையோட வரப்போவுது. இது இப்டி தெனமும் ராவடி பண்ணிக்கினு கெடந்தா பச்சக் கொழந்தை எப்டி தூங்கும்? வந்த எடத்துலயே கொண்டும் போய் உட்டுடு."

"கொஞ்ச நாளாதான்க்கா இப்டி கத்துது. சரியாப் பூடும்."

"கொஞ்ச நாளா? எப்போலருந்து கத்துதுன்னு ஒனக்கு இன்னா தெரியும்? நீ எங்க வூட்ல இருந்த?"

அது உண்மை.

வந்த இடம் என்று அக்கா சொன்னது காசிமேட்டு மீன் மார்க்கெட். அங்கே ஒரு ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்துதான் என் மனைவி இதைக் குட்டியாக எடுத்து வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை, நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். பூனை வெளியே போகக் கூடாது என்பது அவள் சட்டம். எங்கள் தெருமுனை நேராக எக்ஸ்பிரஸ் ரோட்டில் முடிகிறது. அங்கே கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். அந்த உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவன் கண்ணுக்குப் பூனை தெரியாது. நான் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், அந்த டிரைவர்களோடு பழகுகிறவன், எனக்கே தெரியும்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த மனைவி எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் நான் யார்டில் கேட்டு இரண்டாவது ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டாம் என்பதுதான் காரணம். சூப்பர்வைசரிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். ராத்திரி வந்து பூனைக்கு மீன் வைத்து, நானும் தின்று, இரண்டு பேரும் படுத்துவிடுவோம். ஆட்கள் குறைந்தபோது சூப்பர்வைசர் என்னைத் திரும்பக் காலை ஷிஃப்டில் போட்டார். அப்போதுதான் சாயங்காலத்தை நான் மறுபடி பார்த்தேன். கூடவே பூனையின் கத்தலையும்.

அதைக் காசிமேட்டில் விட்டுவந்தால் என் வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு உயிர் கிடையாது. அதனால் அதைக் கட்டைப்பையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஆடு, ஒரு சண்டைச் சேவல். டாக்டர் இளம்பெண். பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காய்ச்சல் பார்த்தார்.

"கேஸ் ஏதாவது தாக்கியிருக்குமா டாக்டர்?"

"உடம்புல ஒண்ணும் இல்லை. போர் அடிக்குது."

"யாருக்கு?"

"பூனைக்கு. நாள் பூரா என்ன பண்ணும்?"

"தூங்கும்."

"நீங்க வந்தப்புறம்?"

"டிவி பார்ப்போம்."

டாக்டர் என்னையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களில் யாருக்கு ஊசி போடலாம் என்று யோசிக்கிறாரோ என்று பயந்தேன்.

"ரொம்பப் புத்திசாலிங்க இது. வேட்டையாடுற பிராணி. வெளியில விடாம வெச்சிருக்கீங்க, நல்லதுதான். ஆனா உள்ள அதுக்கு வேலை வேணுமே. சாப்பாட்டை ஒளிச்சு வைங்க, தேடிக் கண்டுபிடிக்கட்டும். விளையாட்டை மாத்தி மாத்திக் குடுங்க. கூட உட்கார்ந்து விளையாடுங்க. நூல், ரிப்பன் எதையும் மட்டும் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க. முழுங்கினா குடல்ல சிக்கிக்கும்."

இதில் கடைசி வாக்கியம்தான் என் காதில் தங்கியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மனைவியின் நூல்கண்டுகளை எல்லாம் பொறுக்கி மெஷின் டிராயரில் போட்டு மூடினேன். மெஷினைக் கவிழ்த்து உள்ளே இறக்கி மேல்பலகையையும் மூடினேன். பூனை ஸ்டூல் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய ஆபத்திலிருந்து அதைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரு பெருமை.

அதற்கப்புறம் வேலை கொடுக்க ஆரம்பித்தேன்.

யார்டில் கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை இறக்கினால் அட்டைப்பெட்டிகள் மலையாகக் குவியும். நல்லதாகப் பார்த்து ஒரு கட்டு கொண்டுவந்தேன். அறையில் வரிசையாக அடுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, ஒரே ஒரு பெட்டிக்குள் வேகவைத்த நெத்திலியை வைத்தேன். குட்டி யார்டு ஒன்று என் ஹாலுக்குள் வந்துவிட்டது. முதல் நாள் பூனை ஒவ்வொரு பெட்டியாக ஏறி, மோந்து, தள்ளி, கடைசியில் மீனைப் பிடித்தது. கத்தவில்லை. நான் வெற்றி என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாளே நேராகக் கதவுப் பக்கத்துக் கீழ்ப்பெட்டிக்குப் போய், நெத்திலியைத் தின்றுவிட்டு வந்து, கத்தலை வழக்கம்போலத் தொடங்கியது. மோந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. பூனைக்கு ஞானதிருஷ்டி வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: நான் எப்படிக் கலைத்து அடுக்கினாலும் மீன் இருக்கிற பெட்டியைக் கதவுப் பக்கம் கீழேதான் வைக்கிறேன். நாளைக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னரை கேட் பக்கம் கீழ் வரிசையில் வைப்பதுதான் யார்டில் முறை. மேலே வைத்தால் மறுநாள் எடுக்க மற்றதையெல்லாம் இறக்க வேண்டும், திட்டு விழும். என் கை இருபது வருஷமாக அப்படித்தான் வேலை செய்கிறது. பூனை மீனைத் தேடவில்லை, என்னைப் படித்துவிட்டது.

சரி என்று வேண்டுமென்றே மேல்வரிசையில் வைத்தேன். எனக்கே பொறுக்கவில்லை, பார்க்கும்போதெல்லாம் கண் அங்கே போயிற்று. பூனை என் கண் போகிற இடத்தைப் பார்த்து ஏறி எடுத்துவிட்டது.

பாரிமுனை பிளாட்பாரத்தில் பேட்டரி எலி வாங்கினேன். அரைமணி நேரம் விரட்டியது. பிறகு குப்புறப் புரட்டி, அடிமூடியைப் பல்லால் கழற்றி, எலியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. செல்போனில் குருவி படம் போட்டேன். போனுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டது. டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் ஓட்டினேன். இரண்டு முறை தாவிவிட்டு, மூன்றாம் முறை சுவரை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தது. ஏமாற்றுகிறவன் மாட்டிக்கொண்டால் எப்படி அசடு வழிவானோ அப்படி டார்ச்சை அணைத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

துணியில் ஒரு மீன் பொம்மை மட்டும் அதற்குக் கொஞ்சம் ஒட்டியது. மனைவி வெட்டுத்துணியில் எப்போதோ செய்து போட்டது. பஞ்சு பிதுங்கி, வால் பாதி கிழிந்து தொங்கும். பூனை கத்தி ஓய்ந்தபின் அதைக் கவ்விக்கொண்டுதான் தூங்கும்.

யார்டில் சிநேகிதனிடம் இந்தத் தோல்விகளைக் கதையாகச் சொல்வேன். அவன் புரையேறச் சிரிப்பான். ஒரு நாள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"நெத்திலிய வெச்சிட்டு நீ இன்னா பண்ணுவ மாமு?"

"உள்ள போய் டிவி போடுவேன்."

"அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வெக்கிற கணக்கா வெச்சிட்டு வெச்சிட்டு ஒதுங்கிக்கிறியே, கய்தே. அது காக்காவா?"

"பூனைக்குச் சோறு தனியாத் திங்கத் தெரியும்பா."

"அதுக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுதா?"

கூட டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். நான் அதற்குப் பதிலாக ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று ஞாபகமில்லை. நன்றாக இருந்திருக்காது.

கத்தல் நிற்கவில்லை. நான் தயார் பண்ணி வைக்கிற வேலையைப் பூனை சீக்கிரம் முடித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரியாக வாசலுக்கு வந்துவிடும். போதாததற்குத் தாழ்ப்பாளைத் திறக்கவும் பழக ஆரம்பித்தது. ஷூ அலமாரி மேல் நின்று முன்னங்காலால் தட்டித் தட்டிப் பாதி இழுத்துவிடும். அலமாரியை நகர்த்தினேன். பக்கத்திலிருந்த நாற்காலிக்கு மாறியது. நாற்காலியையும் எடுத்தேன். நான் வேலையில் இருக்கும்போதெல்லாம் எக்ஸ்பிரஸ் ரோடுதான் கண்ணுக்குள் வரும். ஒவ்வொரு டிரெய்லர் யார்டுக்குள் வரும்போதும் டயரைப் பார்ப்பேன். டிரைவர்கள் காற்று பார்க்கிறேன் என்று நினைத்து, "சரியாத்தான் கீதுண்ணா" என்பார்கள்.

ஒரு மத்தியானம் படியேறும்போது அக்கா கதவைத் திறந்து, "நாளைக்குப் பொண்ணு வருது தம்பி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது பேசி சமாளித்திருப்பேன். அவள் முகமும் சரியாக இல்லை. நல்ல மனுஷி. ஆஸ்பத்திரியில் என் மனைவியோடு ராத்திரி உட்கார்ந்திருந்தவள் அவள்.

"காலைல கொண்டும் போய்ட்றேன்க்கா" என்றேன்.

மேலே போய்க் கட்டைப்பையை எடுத்துத் துடைத்தேன். அடியில் பழைய பெட்ஷீட்டை மடித்துப் போட்டேன். அதன் கிண்ணத்தை வைத்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சாமான் கட்டுவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தேன், போகப்போவது ஐஸ் பெட்டிக்குப் பின்னால் என்பது தெரிந்தும். மீன் பொம்மையை எடுத்தபோது வால் கையோடு வந்துவிட்டது.

வாலில்லாத மீனைக் கொடுத்து அனுப்ப மனசில்லை. ஊசியில் நூல் கோத்துக் கையால் தைக்கலாம் என்று முயன்றேன். கண்ணாடி போட்டும் நூல் உள்ளே போகவில்லை. மெஷினில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் முடிந்தது என்று துணிந்து மேல்பலகையைத் திறந்தேன். மெஷினைத் தூக்கி நிறுத்தினேன். எண்ணெய் வாசனை வந்தது. அடியில் பாபினைப் பார்த்தால் காலி. இரும்பில் சின்ன வளையம்போல இருக்கும், அதில் நூல் சுற்றிப் போட்டால்தான் கீழ்நூல் வரும் என்பது வரை எனக்குத் தெரியும். சுற்றுவதற்குச் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு குச்சி உண்டு. பாபினை அதில் செருகி, நூல்கண்டை மேலே நிறுத்தி, நுனியை இழுத்துக் கட்டி, பயந்து பயந்து மிதித்தேன். ஊசியும் வீணாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது.

அதற்குள் இருட்ட ஆரம்பித்திருந்தது. பூனை வாசலில் தன் கச்சேரியைத் தொடங்கிவிட்டது. கடைசி நாள், கத்தட்டும் என்று நான் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன். நூல்கண்டு தன் கம்பியில் துள்ளித் துள்ளிச் சுழன்றது. நூல் அங்கிருந்து பாபினுக்கு ஒரு கோடாக ஓடியது.

கத்தல் பாதியில் நின்றது.

நிமிர்ந்தால், பூனை மெஷின் பலகையின் இடதுகோடியில் உட்கார்ந்திருந்தது. எப்போது ஏறியது என்று தெரியவில்லை. வாலைக் காலைச் சுற்றி வைத்துக்கொண்டு, அந்த இடம் தன்னுடையது என்பதுபோல உட்கார்ந்திருந்தது. கண் நூலோடு ஓடியது. நான் மிதியை நிறுத்தினேன். முன்னங்காலை நீட்டி நூல்கண்டை ஒரு தட்டு தட்டி, என்னைப் பார்த்தது. மிதித்தேன். கண்டு துள்ளியது. குனிந்து, பின்பக்கத்தை ஆட்டி, பாய்ந்து, வேண்டுமென்றே குறி தவறவிட்டுத் திரும்ப இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. மறுபடி என்னைப் பார்த்தது. பாபினில் நூல் நிரம்பி வழிந்தது. அவிழ்த்துக் கண்டில் சுற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். வெளியே இருட்டிவிட்டது. லைட் போட எழுந்திருக்கப் பயமாக இருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா. கையில் ஒரு நைட்டி.

"லைட்டு போட்டுக்கினா தெய்க்கிறதுக்கு இன்னா?" என்று அவளே சுவிட்சைத் தட்டினாள். மெஷினையும் பலகை மேலிருந்த பூனையையும் பார்த்தாள்.

"சத்தம் கேட்டுச்சு. ஒரு நிமிசம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு" என்றாள். மெஷின் பலகையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே, "ஒன் பொஞ்சாதி வெளக்கு வெச்சதும் இந்த சத்தம்தான் வரும். மறுநாளைக்கு வோணும்ற நூலெல்லாம் அப்பவே சுத்தி வெச்சுக்கும். இத்தோட பேசிக்கினே சுத்தும். கீழ எனக்குக் கேக்கும்."

எனக்குத் தெரியாது என்றேன். அவள் இருந்தவரை நான் அந்த நேரத்தில் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. ஷிஃப்ட் இருந்தால் யார்டில் இருப்பேன், இல்லாவிட்டால் டீக்கடையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பேன்.

"மெஷின் சத்தம் கொழந்தைய ஒண்ணும் பண்ணாதாக்கா?"

"எம் பொண்ணே இந்த சத்தத்துலதான் ஸ்கூலுக்குப் படிச்சுச்சு. அது பழகின சத்தம். பூனை சத்தம்தான் பேஜாரு." நைட்டியை நீட்டினாள். "இந்தா. ஓரம் பிரிஞ்சிகீது. ஒரு இழுப்பு இஸ்து குடு. சும்மா காலி மெஷின மிதிச்சுக்கினு கெடக்காத."

"எனக்குத் தெய்க்கத் தெரியாதுக்கா."

"தெரியும்போது குடு."

நைட்டியின் ஓரத்தை முன்பக்கத்தோடு சேர்த்துத் தைத்து அதைக் கெடுத்தேன். அக்கா அதை இப்போது தரை துடைக்க வைத்திருக்கிறாள். கட்டைப்பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். மீனுக்கு வால் கோணலாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு மெஷினில் உட்கார்ந்து பாபின் சுற்றுகிறேன், அவிழ்க்கிறேன், சுற்றுகிறேன். முடிந்ததும் நூலை டிராயரில் போட்டுப் பூட்டுகிறேன். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. யார்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கேஸ் கசியவில்லை. விளக்கு வைத்ததும் என் மனைவி பூனையோடு பேசிக்கொண்டு பாபின் சுற்றுவாள். அவள் போனபின் அது நின்றுபோனது. அது வேண்டும் என்றுதான் பூனை கத்தியது.